பார்க்காதவர் பெயரில் ஒரு பூ

சிலி நாட்டின் தென்பகுதியில், ஆண்டீஸ் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் கரையோரம் ஒரு புதர் வளர்கிறது. மெல்லிய காம்பின் நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூ. வெளியே நான்கு சிவப்புப் புல்லிகள், உள்ளே சுருண்ட நான்கு ஊதா இதழ்கள், அவற்றையும் தாண்டிக் கீழே நீளும் எட்டு மகரந்தத் தாள்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மபுச்சே மக்கள் இதைச் சில்கோ என்கிறார்கள். அவர்களுடைய மபுதுங்குன் மொழியில் ‘கோ’ என்றால் நீர். நீரை ஒட்டி வளர்வது என்றே அந்தப் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். எங்கே தேடினால் இந்தச் செடி கிடைக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. இலையையும் பட்டையையும் மருந்துக்கும் கறுப்புச் சாயத்துக்கும் பயன்படுத்தி வந்தவர்களுக்கு அந்தத் தகவல்தான் முதலில் தேவைப்பட்டிருக்கும்.

1707 முதல் 1711 வரை பிரெஞ்சு அரசின் சார்பில் தென் அமெரிக்காவில் பயணம் செய்த லூயி ஃபெயே என்ற துறவி இந்தச் செடியைப் படமாக வரைந்தார். உள்ளூரில் கேட்ட பெயரையே ‘தில்கோ’ என்று எழுதி வைத்தார். அந்தப் பெயர் அறிவியலில் நிலைத்திருக்கலாம். நிலைக்கவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இந்தச் செடியின் உறவுக்காரச் செடி ஒன்றுக்கு இன்னொரு துறவி வேறொரு பெயரைச் சூட்டி அச்சிலும் ஏற்றிவிட்டார். இன்று உலகம் முழுவதும் இந்த இனத்துக்கு வழங்குவது அவர் வைத்த பெயர்தான்: ஃபியூஷியா.

அந்தத் துறவி ஷார்ல் ப்ளூமியே. ஃபெயேயைப் போலவே மினிம் சபையைச் சேர்ந்தவர். 14-ஆம் லூயி மன்னரின் தாவரவியலாளராகக் கரீபியத் தீவுகளுக்குப் பலமுறை சென்றவர். இன்று ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும் பங்கிட்டுக்கொண்டிருக்கும் ஹிஸ்பானியோலா தீவில், ஒரே கணுவில் மூன்று இலைகள் விடும் செம்பூச்செடி ஒன்றைக் கண்டார். அமெரிக்கத் தாவரங்களைப் பற்றி 1703-இல் அவர் வெளியிட்ட நூலில் அதைப் படத்தோடு சேர்த்து, தமக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸின் நினைவாகப் பெயரிட்டார். செடிகளுக்கு அறிஞர்களின் பெயரை வைக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ப்ளூமியே. மக்னோலியா, பிகோனியா, லோபீலியா என்று இன்று எல்லோரும் சொல்லும் பெயர்கள் அவர் கொடுத்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. இலங்கைக் கோயில்களில் படைக்கப்படும் அரலியா மலர், தமிழில் ஈழத்தலரி என்று வழங்கும் மணமுள்ள அந்தப் பூ, தாவரவியலில் ப்ளூமேரியா. ப்ளூமியேயின் பெயர்தான் அது. காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனா மரத்தைத் தேடிப் பெரு நாட்டுக்குக் கப்பலேற வேண்டியவர், 1704-இல் ஸ்பெயினின் துறைமுகத்திலேயே இறந்துபோனார்.

லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1501-இல் பவேரியாவின் வெம்டிங் நகரில் பிறந்தார். ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 1566-இல் மறைந்தார். 1542-இல் பாஸல் நகரில் அச்சான அவருடைய மூலிகை நூலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் உள்ளன. பழைய நூல்களைப் பார்த்து வரையாமல் செடிகளையே முன்னால் வைத்து வரைந்த படங்கள் அவை. செடியைப் பார்த்து வரைந்தவர், அதை மரக்கட்டைக்கு மாற்றியவர், செதுக்கியவர் ஆகிய மூன்று கலைஞர்களின் உருவத்தையும் பெயரோடு நூலின் கடைசியில் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவர் உடனுழைத்தவர்களுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

ஆனால் ஃபுக்ஸ் தம் வாழ்நாளில் ஒரு ஃபியூஷியாவைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. அமெரிக்காவிலிருந்து அவர் காலத்துக்குள் ஐரோப்பா வந்து சேர்ந்திருந்த வேறு சில செடிகள் அவர் நூலில் உண்டு. அவற்றை அவர் அழைத்த விதம் கவனிக்கத்தக்கது. மக்காச்சோளத்தைத் துருக்கித் தானியம் என்கிறார். மிளகாயைக் கள்ளிக்கோட்டை மிளகு என்கிறார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து வந்த மிளகாயைக் கேரளக் கரையிலிருந்து வந்ததாகவே அந்நாளைய ஜெர்மனி நம்பியது. எந்த ஊரார் கைவழியாக வந்ததோ, எந்த ஊர்ச் சந்தையின் பேர் காதில் விழுந்ததோ, அதுவே செடியின் பெயராகிவிட்டது. செடி வளரும் இடத்துக்கும் பெயர் பிறக்கும் இடத்துக்கும் நடுவே தூரம் கூடக்கூட, செடியைப் பற்றிய செய்தி பெயரிலிருந்து கழன்றுகொள்கிறது. ஃபியூஷியாவைப் பற்றிய சொற்களைத் திரட்டிப் பார்த்தால் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்.

செடிகளுக்கான அறிவியல் பெயர்முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் ப்ளூமியேயின் பெயரை ஏற்றுக்கொண்டார். அதோடு பெயர் சட்டமாகிவிட்டது. ஜெர்மன் மொழியில் ‘ஃபுக்ஸ்’ என்றால் நரி. அதை ஒட்டி உச்சரித்தால் ‘ஃபுக்சியா’ என்று வரவேண்டும். ஆங்கிலேயர் வாயில் அது ‘ஃபியூஷா’ ஆனது. தமிழில் எழுதுபவர்கள் ஃபியூஷியா, ஃபுஷியா, ஃபூசியா என்று பலவாறு எழுதுவதற்கு அந்தக் குழப்பமே காரணம்.

செடி ஐரோப்பியத் தோட்டத்துக்கு வந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். கேப்டன் ஃபிர்த் என்பவர் 1788-இல் லண்டனின் கியூ தோட்டத்துக்கு ஒரு செடி கொண்டுவந்து கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. கூடவே ஒரு கதையும் வழங்குகிறது. ஹேமர்ஸ்மித்தில் நாற்றுப்பண்ணை வைத்திருந்த ஜேம்ஸ் லீ, வாப்பிங் துறைமுகத்தருகே ஒரு வீட்டுச் சன்னலில் இந்தப் பூவைக் கண்டாராம். கடலோடி ஒருவர் தம் வீட்டுப் பெண்ணுக்குக் கொண்டுவந்து கொடுத்த செடி அது. கையிலிருந்த பணத்தையெல்லாம் கொடுத்து அதை வாங்கிப் போனார். கிளைகளை வெட்டிப் பதியன் போட்டுச் சில நூறு செடிகளாக்கி, ஒன்று ஒரு கினி என்று பணக்காரர்களுக்கு விற்றார். பல பத்தாண்டுகள் கழித்து அச்சில் வந்த இந்தக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் ஃபியூஷியா எவ்வளவு எளிதாகப் பெருகும், எவ்வளவு விலை போயிற்று என்ற இரண்டையும் அது சரியாகவே காட்டுகிறது. கிளைத்துண்டை ஈர மண்ணில் ஊன்றினால் வேர் பிடிக்கும் செடி இது. 1844-இல் பிரான்ஸில் ஃபெலிக்ஸ் போர்ஷே இதற்கென்றே தனி நூல் எழுதினார். இன்று தோட்டக்காரர்கள் உருவாக்கிய வகைகள் பல்லாயிரம். குளிர்ச்சியை விரும்பும் செடி என்பதால் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தொங்கும் தொட்டிகளில் இதைப் பார்க்கலாம்.

தோட்டத்துக்கு வந்ததும் ஊர்மக்கள் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். அறிவியல் பெயர் வாயில் நுழையாத இடத்தில் கண் வேலை செய்தது. பிரேசிலில் ‘இளவரசியின் காதணி’. அந்நாட்டின் ரியோ கிராண்டே டோ சூல் மாநிலத்துக்கு அதுதான் அதிகாரபூர்வ மலர். ஸ்பெயினில் ‘அரசியின் தொங்கட்டான்’. துருக்கியில் ‘காதணிப் பூ’. ருமேனிய மொழியில் ‘சின்னக் காதணி’. ஆங்கிலத்திலும் சீமாட்டியின் காதுத்துளி என்ற பொருளில் ஒரு பெயர் இருந்தது. ஒன்றையொன்று பார்த்து எழுதியவை சில இருக்கலாம். என்றாலும் இத்தனை மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதற்குப் பூவின் வடிவமே போதிய காரணம். லோலாக்குப் போல அது தொங்குகிறது, காற்றில் ஆடுகிறது. பார்த்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள்.

எல்லோரும் காதணியைப் பார்க்கவில்லை. அர்ஜென்டினாவில் இதற்கு அம்பறாத்தூணி என்ற பொருளில் ‘அல்ஹாபா’ என்று பெயர். போலந்துக்காரர்கள் ‘உவான்கா’ என்றார்கள். ஈட்டி ஏந்திய குதிரைவீரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. சீனத்தில் தலைகீழாய்த் தொங்கும் பொன்மணி. ஜப்பானில் ‘ட்சுரி-உகி-சோ’, அதாவது தூண்டில் மிதவைச் செடி. மீன்பிடிப்பு அன்றாடமாக இருக்கும் ஊரில் தூண்டில் மிதவை நினைவுக்கு வருவது இயல்பு. நகைக்கடையும் போர்க்களமும் கோயில் மணியும் மீன்பிடி துறையும் ஒரே பூவில் வந்து சேர்ந்திருக்கின்றன.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் பெயர் இன்னும் ஆழமாகப் போயிற்று. கெர்ரி, கார்க் பகுதிகளில் கடல் காற்றால் குளிர் கடுமை குறைந்து, நிலம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். சிலியின் ஓடைக்கரையில் வளர்ந்த சில்கோவுக்கு அந்த மண் பிடித்துப்போயிற்று. வயல்களுக்கு வேலியாக நட்டார்கள். ஒடிந்து விழுந்த கிளைகள் தாமே வேர்விட்டன. இன்று டிங்கிள் தீபகற்பத்தின் குறுகிய சாலைகளில் கோடையின் நடுவிலிருந்து இலையுதிர்காலம் வரை இருமருங்கும் சிவப்பாகவே இருக்கும். ஐரிஷ் மொழியில் இதன் பெயர் ‘டியோரா டே’, கடவுளின் கண்ணீர். டென்மார்க்கிலும் நார்வேயிலும் கிறிஸ்துவின் இரத்தத்துளி என்கிறார்கள். கீழ்நோக்கிச் சொட்டும் சிவப்பைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் சமயத்தின் ஆகத் துயரமான காட்சி தோன்றியிருக்கிறது. அந்நியச் செடி ஒன்றை இதைவிட நெருக்கமாகத் தமதாக்கிக்கொள்ள முடியாது. 1990-களில் மேற்குக் கார்க் பகுதியின் உணவுப்பொருட்களுக்கும் விடுதிகளுக்கும் பொதுவான அடையாளச் சின்னம் தேவைப்பட்டபோது, அயர்லாந்தின் பூர்வீகப் பூ எதையும் எடுக்காமல் ஃபியூஷியாவையே எடுத்தார்கள்.

இவற்றோடு ஒப்பிட்டால் விக்டோரியா காலத்து ‘மலர்மொழி’ நூல்கள் சொன்ன பொருள் மிகவும் மெலிந்தது. துருக்கியில் பொருட்களை அனுப்பிச் செய்தி சொல்லும் வழக்கத்தைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் மேரி வோர்ட்லி மாண்டேகு எழுதிய கடிதம் 1763-இல் அச்சானது. பிறகு 1819-இல் பாரிஸில் ஷார்லோத் தெ லாத்தூர் என்ற புனைபெயரில் வந்த நூல் பூக்களுக்கு அகராதியே அமைத்தது. அதைத் தொடர்ந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட நூல்கள் குவிந்தன. கேட் கிரீனவே 1884-இல் படங்களோடு வெளியிட்ட நூலில் செந்நிற ஃபியூஷியாவுக்கு ‘ரசனை’ என்று பொருள் போடப்பட்டிருக்கிறது. ஏன் ரசனை என்பதற்கு அங்கே விளக்கம் இல்லை. இந்த அகராதிகள் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்து எழுதப்பட்டவை. ஒரே பூவுக்கு இரண்டு நூல்கள் எதிரெதிர்ப் பொருள் சொல்வதும் உண்டு. இன்றைய வாழ்த்து அட்டைகளும் பரிசுக் கடைகளும் அந்தப் பட்டியலுக்கு வாரிசுகள். பூவின் பொருள் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைப்பது இந்த நூல்வழிப் பொருள்தான் என்பது வருத்தம் தருகிறது. ஏனென்றால், பூவோடு வாழ்ந்தவர்கள் சொன்ன பொருள் வேறோர் இடத்தில் நிறைந்து கிடக்கிறது. அதைக் காண நியூசிலாந்துக்குப் போக வேண்டும்.

ஃபியூஷியா இனத்தில் ஏறத்தாழ 110 சிற்றினங்கள். பெரும்பாலானவை தென் அமெரிக்காவிலும் நடு அமெரிக்காவிலும் இருக்க, ஒரு சில மட்டும் பசிபிக் கடலுக்கு மறுபுறம் நியூசிலாந்திலும் தஹித்தியிலும் உள்ளன. நியூசிலாந்தின் ஒடாகோ பகுதியில் பழைய எரிமலை ஏரியின் படிவுகளில் கிடைத்த ஃபியூஷியா மலரின் புதைபடிவம் சுமார் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டது. அங்கே ஒரு சிற்றினம் புதராக நிற்காமல் மரமாகவே வளர்ந்திருக்கிறது, 12 மீட்டர் உயரம் வரை. காகிதம் போல உரிந்து தொங்கும் செம்பழுப்புப் பட்டை. பெரும்பாலும் பசுமை மாறாத நியூசிலாந்துக் காடுகளில் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் மிகச் சில மரங்களில் ஒன்று.

மாவோரி மக்கள் இந்த மரத்தைக் கோதுகுதுகு என்கிறார்கள். அதன் கருநீலப் பழத்துக்குத் தனிப்பெயர்: கோனினி. மரத்துக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பெயர் வைப்பது, அந்தப் பழத்தை ஆண்டுதோறும் காத்திருந்து பறித்துத் தின்றவர்கள் செய்யும் காரியம். குளிருக்குப் பின் கோதுகுதுகு தளிர் விடும்போது நடவுக்காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேலையெல்லாம் முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு வந்து நிற்பவனிடம், கோதுகுதுகு இலை விட்டபோது எங்கே போயிருந்தாய் என்று கேட்பது அவர்களுடைய பழமொழி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் சூடு உடனே உறைக்கும். இந்தப் பூவின் மகரந்தம் நீல நிறம். இளம்பெண்கள் அதை எடுத்து முகத்தில் பூசி ஒப்பனை செய்துகொண்டார்கள்.

பின்னால் வந்த ஐரோப்பியக் குடியேறிகளும் ஒரு பெயர் வைத்தார்கள். விறகுக்கு வெட்டிப் பார்த்தால் எரியவே எரியாது, அவ்வளவு ஈரம். ‘வாளித் தண்ணீர் மரம்’ என்றார்கள். சில்கோவில் உள்ள ‘கோ’வை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு பெருங்கடலின் இரு கரைகளில், ஒருவரையொருவர் அறியாத மக்கள், இந்த இனத்தின் பெயரில் தண்ணீரை வைத்திருக்கிறார்கள். ஒருவர் அது நிற்கும் இடத்தைப் பார்த்தார், மற்றவர் அடுப்பில் வைத்துப் பார்த்தார்.

கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் இந்த மரத்தை ஃபியூஷியா என்று இனம் காணவில்லை. 1776-இல் ஸ்கின்னெரா என்ற புதுப் பெயரில் பதிந்தார்கள். பிறகே அது ஃபியூஷியாவோடு சேர்க்கப்பட்டது. ஆனால் ‘பட்டை உரிந்த’ என்ற பொருளில் அவர்கள் கொடுத்த பின்பெயர், ‘எக்ஸ்கார்ட்டிகாட்டா’, தங்கிவிட்டது. லத்தீனில் எழுதியவர்களும் மரத்தின் முன்னால் நின்று பார்த்த இடத்தில் நல்ல பெயர் பிறந்திருக்கிறது.

இந்த மரத்தின் பூ தன் நிறத்தாலேயே செய்தி சொல்கிறது. மலர்ந்த புதிதில் பச்சையாக இருக்கும். அப்போது தேன் உண்டு. தூயி, மணிப்பறவை போன்ற தேன்குடிப் பறவைகள் தேடி வரும். சில நாள் கழித்துப் பூ சிவப்பாகும். தேன் நின்றுவிடும். பறவைகளும் சிவந்த பூவை விட்டுப் பச்சைப் பூவுக்குப் போகும். தேன் தீர்ந்த பூவை மரம் ஏன் உடனே உதிர்த்துவிடுவதில்லை? லின்டா டெல்ஃப், கர்ட்டிஸ் லைவ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1989-இல் இதற்கு விடை தேடினார்கள். சூல்முடியில் ஒட்டிய மகரந்தம் குழல்விட்டுச் சூலகத்தை அடைய நாள் பிடிக்கிறது. அதற்கு முன் பூ உதிர்ந்தால் விதை இல்லை. ஆகவே பூ கிளையிலேயே இருக்க வேண்டும், ஆனால் பறவையின் நேரத்தை வீணாக்கவும் கூடாது. ஐரோப்பாவின் தோட்டங்களில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு ‘வா’ என்கிறது. இங்கே அதே சிவப்பு ‘இங்கே ஒன்றுமில்லை’ என்கிறது. ரசனை என்று ஒற்றைச் சொல்லை எழுதிவைத்த மலர்மொழி அகராதிகளைவிட இந்தப் பூ தெளிவாகப் பேசுகிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து மென்மயிர்த் தொழிலுக்காகக் கொண்டுவந்து விடப்பட்ட போசம் என்ற விலங்குக்குக் கோதுகுதுகு இலை மிகவும் பிடித்த உணவு. அது பெருகிய காடுகளில் இந்த மரங்கள் மொட்டையாகிச் சாகின்றன. எந்த மலைச்சரிவில் கோதுகுதுகு தழைத்திருக்கிறது என்பதை வைத்தே போசம் தொல்லை அங்கே எவ்வளவு என்று காட்டுயிர்க் காவலர்கள் கணிக்கிறார்கள்.

இனிச் செடியை விட்டே விலகிப்போன சொல்லின் கதை. 1856-இல் வில்லியம் பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பிய வேதியியலாளர் பலரும் அந்தத் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் என்ற பொருளோடு போராடிக்கொண்டிருந்தனர். பட்டு நெசவுக்குப் பேர்போன லியோன் நகரில் ஃபிரான்சுவா-எமானுவேல் வெர்கின் ஒரு செந்நீலச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1859 ஏப்ரலில் ரெனார் சகோதரர்களின் நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றது. சாயத்துக்கு ஃபுக்சின் என்று பெயர். ஃபியூஷியாப் பூவின் நிறம் என்பது வெளிப்படையான காரணம். பிரெஞ்சு மொழியில் ‘ரெனார்’ என்றாலும் நரிதான் என்பதால், ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் நரியை முதலாளிகள் மனமறிந்தே தேர்ந்திருக்கலாம் என்றும் சொல்வார்கள். இரண்டே மாதத்தில், ஜூன் 4 அன்று, வட இத்தாலியில் மிலான் அருகே மெஜந்தா என்ற ஊரில் ஆஸ்திரியப் படையைப் பிரான்ஸ் வென்றது. வெற்றிச் செய்தியோடு சேர்த்து அதே சாயம் மெஜந்தா என்ற பெயரில் விற்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டும் காயப்பட்டும் கிடந்த ஒரு களத்தின் பெயரை ஐரோப்பிய நகரங்களின் சீமாட்டிகள் பட்டாக உடுத்தினார்கள்.

உற்பத்தியை மலிவாக்க ஆர்செனிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். ஆலைகளைச் சுற்றிய மண்ணும் கிணற்று நீரும் நஞ்சாயின. 1860-களில் பாஸல் நகரில் மக்கள் நோயுற்றார்கள். ஃபுக்ஸின் மூலிகை நூல் அச்சான அதே பாஸல். 1870-களில் பிரான்ஸில் வெளிறிய ஒயினுக்கு நிறமேற்ற ஃபுக்சின் கலக்கப்பட்டு அது பெரிய ஊழலாக வெடித்தது.

அதே சாயம் உயிர்காக்கும் வேலைக்கும் வந்தது. 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டிய பிறகு, ஃப்ரான்ஸ் சீல், ஃபிரிட்ரிஷ் நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் செப்பனிட்ட முறையில், சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் கார்பால் ஃபுக்சினை ஊற்றிச் சூடாக்குவார்கள். அமிலத்தால் கழுவினாலும் காசநோய்க் கிருமி அந்தச் சிவப்பை விடாது. மற்றதெல்லாம் நீலமாக இருக்க, நடுவே சிவந்த குச்சிகளாக அது தெரியும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் ஆய்வுக்கூடங்களில் பல தலைமுறைப் பணியாளர்கள் கையில் கறை படியப் பழகிய சாயம் அது.

நிறத்தின் பெயராக ஃபியூஷியாவும் மெஜந்தாவும் தனித்தனியே வாழ்ந்தன. கணினித் திரையில் மீண்டும் ஒன்றாயின. இணையப் பக்கங்களுக்கான நிறப்பெயர்களில் இரண்டுக்கும் ஒரே எண்: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 255. பூவில் அந்த நிறம் அப்படியே இருக்கிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டின் பட்டுச்சேலைக் கடைகளில் இந்த நிறத்துச் சேலையைக் கேட்பவர்கள் ‘ராணி கலர்’ என்பார்கள். கொஞ்சம் ஊதா கூடினால் வாடாமல்லி நிறம். வாடாமல்லியும் அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான், ஃபியூஷியாவைப் போலவே. பறித்து மாதக்கணக்கில் வைத்தாலும் அதன் நிறம் போகாது என்பதை மாலை கட்டியவர்களும் பூ விற்றவர்களும் கண்டார்கள். செடியின் குணம் பெயரானது, பெயர் நிறமானது. சாயம் போகாத சேலை வேண்டும் என்று கேட்பவளுக்கு முன்னால் கடைக்காரர் வாடாமல்லி நிறத்தை விரித்துப் போடும்போது, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் செய்தி இன்னும் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.